துக்கப்படுவது அவிசுவாசமா?

சாவு வீட்டில் அழுகிறவர்களிடம் "விசுவாசி இப்படி அழலாமா?" என்று கேட்கும் பழக்கம் நம் சபைகளில் வேர்விட்டுவிட்டது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. வேதமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

போன மாதம் குடியாத்தம் பக்கம் ஓர் அடக்கத்துக்குப் போயிருந்தேன். கணவரை இழந்த அக்கா பெட்டிமேல் விழுந்து கதறினார். உடனே இரண்டு பேர் தோளைப் பிடித்துத் தூக்கி, "அண்ணன் கர்த்தர்கிட்ட போயிட்டாரு, ஸ்தோத்திரம் சொல்லுங்க, அழாதீங்க" என்றார்கள். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சொன்னவர்கள் நல்லவர்கள்தான், உயிர்த்தெழுதலை மனதார நம்புகிறவர்கள். ஆனால் அவர்களுடைய நம்பிக்கை அன்றைக்கு ஒரு விதவையின் வாயை அடைக்கத்தான் உதவியது.

யோவான் 11-ஐ எடுத்துப் பாருங்கள். இறந்துபோன நண்பர் லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தேதான் இயேசு பெத்தானியாவுக்கு வருகிறார். இன்னும் சற்று நேரத்தில் கல்லறை திறக்கப் போகிறது. அப்படியும் லாசருவின் சகோதரி மரியாள் அழுவதைக் கண்டு ஆவியில் கலங்குகிறார், கண்ணீர் விடுகிறார். உயிர்த்தெழுதல் உண்டு என்று தெரிந்தவர் அழக்கூடாது என்றால், முதலில் அழுதிருக்கக் கூடாதவர் அவர்தான். பவுலும் தெசலோனிக்கேயருக்கு "நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல்" துக்கிக்க வேண்டாம் என்றுதான் எழுதினார். துக்கமே வேண்டாம் என்று எழுதவில்லை.

உணர்ச்சியெல்லாம் மாம்சத்தின் காரியம், ஆத்துமா அதற்கு மேலானது என்று சிலர் பிரசங்கிப்பதைக் கேட்கும்போது எனக்குப் பயமாகவே இருக்கிறது. கெத்செமனேயில் இயேசு என்ன சொன்னார்? "என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது" என்றார். துக்கப்பட்டது ஆத்துமாதான். நாலாம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவைச் சேர்ந்த அப்பொல்லினாரிஸ் என்ற ஆயர், கிறிஸ்துவுக்கு நம்மைப் போன்ற மனித மனம் கிடையாது, அந்த இடத்தில் தேவனுடைய வார்த்தையே இருந்தது என்று போதித்தார். 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய ஆயர்களின் சங்கம் அதைத் தள்ளிவிட்டது. அக்காலத்து ஆயர் நசியான்சுவின் கிரகோரி அதற்குச் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடித்தது: கிறிஸ்து எதைத் தம்மேல் ஏற்றுக்கொள்ளவில்லையோ அது குணமாக்கப்படவும் இல்லை. அவருடைய ஆத்துமா நிஜமாகவே கலங்கியிருந்தால்தானே, கலங்குகிற நம் ஆத்துமாவுக்கு மீட்பு உண்டு?

ஆதிகாலச் சபையின் பெரிய போதகரான அகஸ்டினுடைய வாழ்க்கையில் இதே சாவு வீட்டுக் காட்சி இருக்கிறது. 387-இல், ரோம் அருகே ஒஸ்தியா துறைமுகத்தில் அவருடைய அம்மா மோனிக்கா இறந்துபோகிறார். பாட்டி போன துக்கத்தில் பேரன் அதேயோதாத்து வாய்விட்டு அலற, பெரியவர்கள் சேர்ந்து அவனை அடக்குகிறார்கள். கிறிஸ்துவுக்குள் மரித்தவளுக்கு ஒப்பாரி எதற்கு என்பது அவர்கள் எண்ணம். அகஸ்டினும் தன்னை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார். அடக்கத்தில் அழவில்லை. குளித்தால் பாரம் குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் குளித்துப் பார்க்கிறார், குறையவில்லை. தூங்கி எழுந்த பிறகுதான் தனிமையில், தேவனுக்கு முன்பாக, அம்மாவுக்காக அழுகிறார். அதைப் பாவம் என்று நினைக்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம் என்று பின்னாளில் எழுதியும் வைத்தார். ஆயராக முதிர்ந்த காலத்தில் எழுதியது இன்னும் தெளிவு: அன்பு சரியாக இருந்தால் பயமும் ஆசையும் துக்கமும் மகிழ்ச்சியும் சரியாகவே இருக்கும். எதற்கும் கலங்காத மனமே உயர்ந்தது என்ற ஸ்தோயிக்கர் என்ற பழைய கிரேக்கத் தத்துவவாதிகளின் போதனையை அவர் அங்கே மறுக்கிறார். ஆயிரத்து அறுநூறு வருஷம் கழித்து நாம் அந்தப் பையனை அடக்கியவர்கள் பக்கம் போய் நிற்கிறோமே என்பதுதான் என் வருத்தம்.

வேலூரில் இருக்கிற நமக்கு இது புரியாமல் போகக் கூடாது. 1890-இல் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆள் வந்து, பிரசவத்துக்குப் பெண் மருத்துவர் இல்லையா என்று கேட்டுத் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள். மிஷனரி வேலையே வேண்டாம் என்றிருந்த இளம்பெண் ஐடா ஸ்கடரை அந்தத் துக்கம்தான் மருத்துவத்தின் பக்கம் திருப்பியது. 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு அவர் இங்கே தொடங்கியதுதான் இன்றைய சி.எம்.சி. மருத்துவமனை. அன்றைக்கு யாராவது அவரிடம் "கலங்காதே, எல்லாம் தேவசித்தம்" என்று சொல்லி, அவரும் அத்தோடு தேறியிருந்தால்?

உணர்ச்சி பொங்கினால் அதுதான் ஆவியானவர் என்று சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கன்வென்ஷன் பந்தலில் வருகிற கண்ணீரை வைத்து ஒருவருடைய இரட்சிப்பை அளக்கவும் முடியாது, கண்ணீர் வராதவரைக் குறை சொல்லவும் முடியாது.

இதைவிட எனக்கு வலிக்கிற விஷயம் ஒன்று உண்டு. மாதக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லாமல் மனச்சோர்வில் கிடக்கிற பிள்ளையிடம் "ஜெபக்குறைவு" என்று சொல்லிவிடுகிறோம். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் எத்தனையோ வருஷமாக நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் ஆலயத்தில் அந்தப் பெயரைச் சொல்லக் கூட குரலைத் தாழ்த்துகிறோம். எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றியைப் பார்த்த கையோடு சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்றாரே, தேவதூதன் வந்து அவரை அதட்டினானா? அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டு மறுபடி படுத்தபோது தூங்கவும் விட்டான். பிரயாணத்தைப் பற்றிப் பேசியது இரண்டாம் தடவை எழுப்பியபோதுதான். டாக்டரிடம் போவதையும் மாத்திரை போடுவதையும் அந்த அடையைப்போலவே நான் பார்க்கிறேன்.

சங்கீதம் 88 என்று ஒன்று இருக்கிறது. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை புலம்பல். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலானவற்றில் முடிவிலாவது ஒரு துதி வரும், இதில் அதுகூட இல்லை. சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போனார்கள் என்பதோடு நின்றுவிடுகிறது. அப்படியும் அது வேதத்தில் இருக்கிறது, ஜெபமாகவே இருக்கிறது. நான் போன எந்த அடக்க ஆராதனையிலும் அதை வாசித்துக் கேட்டதில்லை. ஆயர்மார் யாராவது இந்தப் பதிவைப் படித்தால், அடுத்த அடக்கத்தில் 23-ஆம் சங்கீதத்தோடு அதையும் வாசியுங்கள். வாசிக்கும்போது யாராவது அழுதால் அழட்டும், பாட்டை உடனே ஆரம்பிக்க வேண்டாம்.