மெட்டா கீவேர்ட்ஸ் பற்றி ஒரு திருத்தம்

"மெட்டா கீவேர்ட்ஸில் ஐம்பது சொற்களைப் போட்டால் கூகுளில் கடை மேலே வந்துவிடும்" என்று ஆன்லைன் கடை நடத்துகிறவர்களுக்கு ஒருவர் சொல்லியிருக்கிறார். மெட்டா கீவேர்ட்ஸ் என்பது பக்கத்தின் குறியீட்டுக்குள், பார்ப்பவர் கண்ணில் படாமல், தேடல் சொற்களைப் பட்டியலிடும் ஒரு டேக். அவர் சொன்னது தவறு. தரவரிசைக்கு அந்த டேக்கைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. போட்டால் கெடுதல் இல்லை, நேரம்தான் வீண். (அதைப் போட்டுத் தருகிறேன் என்று காசு வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது வேறு கதை.)

மெட்டா டிஸ்கிரிப்ஷன், அதாவது பக்கத்தைப் பற்றிய சுருக்க விவரம், வேறு. அதுவும் தரவரிசையை ஏற்றாது. ஆனால் தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரக்கூடியது என்பதால் கிளிக் கிடைக்க உதவும்.

கீவேர்ட்ஸில் வீணாகும் நேரத்தில் பொருள் பக்கங்களின் டைட்டிலை, அதாவது தேடல் முடிவில் தலைப்பாக வரக்கூடிய வரியை, திருத்துங்கள். பல சின்னக் கடைகளில் எல்லாப் பக்கத்துக்கும் கடைப்பெயர் மட்டுமே டைட்டிலாக இருக்கும். "ஆண்களுக்கான கறுப்புத் தோல் பர்ஸ், ஆறு கார்டு அறைகள்" என்று எழுதினால் தேடுகிறவருக்கும் புரியும், கூகுளுக்கும் புரியும். தயாரிப்பாளர் தந்த விவரத்தை அப்படியே ஒட்டாமல் சொந்தமாக நாலு வரி சேருங்கள். அதே விவரத்தைத்தான் மற்ற கடைகளும் ஒட்டியிருப்பார்கள்.