பீச் பழக் கூடையும் மழித்த தலையும்

கல்லறைக்குள் யாராவது இப்படி ஒரு காட்சியை வரைவார்களா? மேலே ஒரு கூடை தொங்குகிறது, அதில் பீச் பழங்கள். உச்சந்தலையை மழித்து ஓரத்தில் மட்டும் முடி விட்ட பையன் முட்டி போட்டிருக்கிறான். அவன் தோளில் ஏறி நின்று இன்னொரு பிள்ளை கூடைக்குள் கை விடுகிறது. பக்கத்தில் ஒருவர் தேயிலை அரைக்கிறார், ஒருவர் அடுப்பு ஊதுகிறார். பெட்டிக்குப் பின்னால் சில வாண்டுகள் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கின்றன.

வட சீனாவில், ஹெபெய் மாகாணத்து ஷுவான்ஹுவாவில் உள்ள ஜாங் வென்ஸாவின் கல்லறை இது. ஆண்டு 1093. ஜாங் குடும்பத்தார் ஹான் சீனர்கள். நாட்டை ஆண்டதோ புல்வெளியிலிருந்து வந்த கிதான் மக்களின் லியாவ் அரசு. அந்த மழித்த தலை கிதான்களின் அடையாளம். ஆளும் இனத்தின் தலைமுடி, ஆளப்படும் இனத்தின் வீட்டு ஏவலாள் தலையில் இருக்கிறது!

“கிதான்கள் மெல்ல மெல்லச் சீனர்களாகிவிட்டார்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்களே, அதை என்னால் ஏற்க முடியவில்லை. 1031இல் இறந்த லியாவ் பேரரசர் ஷெங்சோங்கின் கல்லறையைப் பாருங்கள். நான்கு சுவர்களில் நான்கு பருவங்கள். மலையையும் மரத்தையும் தீட்டிய கை சீன மரபில் பழகியதுதான். ஆனால் பருவத்துக்குப் பருவம் கூடாரம் மாற்றி, வசந்தத்தில் அன்னமும் இலையுதிர் காலத்தில் மானும் வேட்டையாடிய அரசரின் வாழ்க்கை அது. கடன் வாங்கிய தூரிகையால் தங்கள் கதையைத்தான் எழுதிக்கொண்டார்கள்.

அப்புறம், நம்மைத் தொடும் ஒரு செய்தி. அதே ஜாங் குடும்பத்து ஜாங் ஷிசிங்கின் கல்லறையில் (1116) கூரை முழுக்க வானம். நடுவில் ஒரு வெண்கலக் கண்ணாடி, அதைச் சுற்றித் தாமரை, சீனர்களின் 28 விண்மீன் கூட்டங்கள். அவற்றோடு மேஷம், ரிஷபம், மிதுனம் என நம் பஞ்சாங்கத்தில் இருக்கும் அதே 12 ராசிகள்! பாபிலோனில் பிறந்து, கிரேக்கர் வழியாக இந்தியா வந்து, பௌத்த நூல்களோடு சீனா போய்ச் சேர்ந்தவை. மிதுனத்து இருவரும் அங்கே சீன உடைக்கு மாறிவிட்டார்கள். படத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது சொந்தக்காரரை வெளியூரில் பார்த்ததுபோல இருந்தது எனக்கு.

ஜாங் வென்ஸாவை பௌத்த முறைப்படி எரித்து, சாம்பலை வைக்கோலால் செய்த மனித உருவுக்குள் வைத்து, உடை உடுத்திப் படுக்க வைத்திருந்தார்கள். சவப்பெட்டியின் மேல் சமஸ்கிருத மந்திரங்கள். எதிரே மேசையில் நிஜமான திராட்சையும் பேரிக்காயும். சுவரில் அந்தப் பிள்ளைகள் இன்னமும் பீச் பழத்துக்கு எட்டிக்கொண்டிருக்கிறார்கள்.