எந்த நாவலை முதலில் வாசிப்பது?

ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்கு அண்ணன் மகளை அழைத்துச் சென்றிருந்தேன். "நல்ல தமிழ் நாவல்களையெல்லாம் வாசிக்க வேண்டும் சித்தப்பா, எதிலிருந்து தொடங்கட்டும்?" என்று கேட்டாள். முதல் தமிழ் நாவலிலிருந்தே தொடங்கு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 1879இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' கிளைக்கதைகளும் நீதியுரைகளும் நிறைந்தது. அந்நாளைய உரைநடைக்குப் பழகாதவர்கள் பாதியிலேயே சோர்ந்துவிடுவார்கள்.

பத்தொன்பது வயதில் நானும் அப்படித்தான் சோர்ந்தேன். தமிழின் தலைசிறந்த நாவல் என்று எவரோ சொல்லக் கேட்டு, கன்னிமாரா நூலகத்தில் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை எடுத்தேன். இந்தோனேசியாவின் மெடான் நகரில் இருக்கும் கதைநாயகன் பாண்டியனின் நினைவு சொல்லாமல் கொள்ளாமல் மதுரைத் தெருக்களுக்குத் தாவுவதும், பேச்சுக்கு நடுவே மலாய்ச் சொற்களும் பழந்தமிழ் வரிகளும் கலந்து வருவதும் எனக்குப் பிடிபடவேயில்லை. நாற்பது பக்கங்களோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, இலக்கியம் நமக்கு எட்டாது என்று பல ஆண்டுகள் ஒதுங்கியிருந்தேன். அந்த இழப்பு அவளுக்கு நேரக்கூடாது என்பதே என் கவலை.

அதனால் முதலில் 'பொன்னியின் செல்வன்' வாங்கித் தந்தேன். ஐந்து பாகங்கள் என்றதும் மலைக்க வேண்டியதில்லை. வார இதழில் தொடராக வந்த கதை என்பதால், ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்ததற்குக் கைப்பிடித்து அழைத்துப் போகும்.

இரண்டாவதாகக் கொடுத்தது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. 1973இல் வெளிவந்த சிறிய நாவல்; குடத்தோடு அலையும் சென்னைத் தெரு நமக்குத் தெரிந்த தெருதான். அகராதி தேவைப்படும் சொல் ஒன்றுகூட இராது. ஆயினும் கதைநாயகி ஜமுனாவின் துயரத்தை ஆசிரியர் எங்குமே விளக்குவதில்லை. சொல்லாமல் விட்டதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். கடினம் என்பது சொல்லில் மட்டும் இல்லை என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்த நூல் இது. ஒரே மாலையில் முடித்துவிட்ட அவள், "கதை இவ்வளவுதானா?" என்று கேட்டாள். ஒரு வாரம் கழித்து, தானாகவே மறுபடி வாசித்தாள். அதைப் பார்த்தபோது என் மனம் நிறைந்துவிட்டது.

இப்போது தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளில் இருக்கிறாள். ரங்கண்ணாவிடம் பாபு பாட்டுப் பயிலும் பக்கங்களை விட்டு நகர மனமில்லை என்கிறாள், நானும் அவசரப்படுத்தவில்லை. சிங்காரத்தின் நாவல் என் அலமாரியில்தான் இருக்கிறது. அதை அவளாகக் கேட்கட்டும் என்று காத்திருக்கிறேன்.