சுவரில் ஊரும் நத்தையை மீன் தொட்டியில் போடாதீர்கள்
"ஆப்பிள் நத்தை வளர்த்தால் கேஸ் ஆகிவிடும், பெரிசா வேணும்னா மழையில் சுவரில் ஊர்வதைப் பிடித்துத் தொட்டியில் போடு" என்று மேலே எழுதிய அண்ணா, இரண்டுமே தப்பு. தோட்டத்துச் சுவரில் ஏறும் அந்தப் பெரிசு ஆப்பிரிக்க ராட்சத நத்தை, தரையில் வாழ்வது, தண்ணீருக்குள் போட்டால் மூழ்கிச் செத்துவிடும். மனிதருக்கும் நோய் தரும் எலி நுரையீரல் புழு என்ற ஒட்டுண்ணியையும் சுமக்கும் என்பதால் வெறும் கையால் தொடவே வேண்டாம்.

தண்ணீரில் வாழும் ஆப்பிள் நத்தைக்கு 2012-ல் தடை போட்டது ஐரோப்பிய ஒன்றியம், அதுவும் தென் அமெரிக்காவின் பொமேசியா என்ற வகைக்கு. காட்பாடிப் பக்கம் ஏரியிலும் நெல் வயலிலும் கிடைப்பது பைலா, நம் நாட்டு ஆப்பிள் நத்தை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் அது கிடையாது. குத்தகை ஏரி என்றால் மட்டும் கேட்டுவிட்டு எடுங்கள்.

உருண்டை ஓடு, வாயை அடைக்கும் கெட்டியான மூடி இருந்தால் அதுதான் பைலா. செவுளோடு நுரையீரலும் உண்டு, காற்றுக்கு மேலே வரும், அதனால் தொட்டியை விளிம்பு வரை நிரப்பாதீர்கள், மூடியும் போடுங்கள், இல்லாவிட்டால் ராத்திரி வெளியே நடந்துவிடும். நாம் திட்டித் தீர்க்கும் உப்பு போர் தண்ணீரில் சுண்ணாம்பு இருப்பதால் ஓடு நன்றாக வளரும், ஆர்ஓ தண்ணீரில்தான் அரித்துப்போகும். அப்புறம், செடியை மேய்ந்துவிட்டது என்று என்னைத் திட்டக் கூடாது.