அந்தக் குழந்தைக்குப் ‘பயிற்சி’ கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியவர்களுக்கு

மூன்று நாள்களாகப் பொறுத்துப் பார்த்தேன். குடும்ப நல நீதிமன்ற வாசலில் தந்தையோடு போக மறுத்து, தாயின் கைப்பை வாரை விடாமல் பிடித்துக்கொண்டு அழும் அந்தச் சிறுமியின் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதை மறுபடி விவரிக்க எனக்கு மனமில்லை. அதன் கீழே வந்த கருத்துகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. “அம்மா நன்றாகப் பயிற்சி கொடுத்திருக்கிறார்” என்று, அதாவது அப்படி அழச் சொல்லிக்கொடுத்ததே தாய்தான் என்று, ஒருவர் எழுதியிருந்தார். அதை விரும்பியவர்களின் பட்டியலில் நான் பெரிதும் மதிக்கும் வழக்கறிஞர் ஒருவரின் பெயரையும் பார்த்தேன்.

அந்தத் தந்தை தவறு செய்தவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. தெரியாத நிலையில் முதலில் செய்ய வேண்டியது விசாரிப்பதா, ஒப்படைப்பதா என்பதே என் கேள்வி. குழந்தைக்குத் துன்பம் நேர்ந்தது என்று மனுவில் ஒருவர் சொல்லியிருந்தால், முதலில் அதன் பாதுகாப்பு முடிவாக வேண்டும். சந்திப்புக்கான நாளும் நேரமும் அதன் பிறகே குறிக்கப்பட வேண்டும். பல வழக்குகளில் இது தலைகீழாக நடக்கிறது. இடைக்கால மனுவில் சனிக்கிழமைச் சந்திப்பு விரைவில் கிடைத்துவிடுகிறது. துன்புறுத்தல் குற்றச்சாட்டோ பிரதான வழக்கோடு சேர்ந்து வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போகிறது.

சட்டத்தில் வழியில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். குழந்தையின் நலனே தலையாயது என்று 1956 ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 13 ஆம் பிரிவு சொல்கிறது. 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 21 ஆம் பிரிவு இன்னும் தெளிவானது: எதிர்மனுதாரர் வந்து பார்ப்பது குழந்தையின் நலனுக்குத் தீங்காகக்கூடும் என்று குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) கருதினால், அந்தச் சந்திப்பை அவர் மறுத்தே ஆக வேண்டும். 26 ஆம் பிரிவின்படி இதே நிவாரணத்தைக் குடும்ப நல நீதிமன்றத்திலும் கேட்கலாம். இதே போன்ற வழக்கில் நின்ற என் அக்காவுக்கு இதை முதல் இரண்டு வழக்கறிஞர்களும் சொல்லவில்லை, மூன்றாமவர்தான் சொன்னார். 1984 ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 12 ஆம் பிரிவோ, மருத்துவ வல்லுநர்கள், குடும்ப நலப் பணியாளர்கள் ஆகியோரின் உதவியை நீதிமன்றம் ‘பெறலாம்’ என்று சொல்வதோடு நின்றுவிடுகிறது. துன்புறுத்தல் புகார் உள்ள வழக்கிலாவது அந்தப் ‘பெறலாம்’ என்பதைப் ‘பெற வேண்டும்’ என்று மாற்றுங்கள் என்றுதான் நான் கேட்கிறேன்.

அக்காவும் அவள் மகளும் சம்மதித்ததால் இதை எழுதுகிறேன். அப்போது குழந்தைக்கு ஆறு வயது. இரண்டாம் சனி, நான்காம் சனி, காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை தந்தை வீட்டில் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. வெள்ளிக்கிழமை மாலையே அவளுக்கு வயிற்றுவலி வந்துவிடும். கத்திரி வெயிலிலும் பாவாடைக்குள் தடித்த காற்சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் கிளம்புவாள். “வேர்க்குமே, கழற்று” என்று நானே அவளை அதட்டியிருக்கிறேன். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் குறித்த பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவள், எனக்கே புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் அம்மா அவளைக் குளிப்பாட்டும்போது அவளாகவே சொன்னாள்.

சந்திப்பை நிறுத்தக் கோரி மனுப் போட்டோம். நீதிமன்ற ஆலோசகர் குழந்தையைத் தனியே அழைத்துச் சுமார் பத்து நிமிடம் பேசினார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருந்த பெஞ்சில் அவள் தந்தை உட்கார்ந்திருந்தார். “அப்பாவைப் பிடிக்குமா?” என்று ஆலோசகர் கேட்டிருக்கிறார். “பிடிக்கும்” என்று அவள் சொல்லியிருக்கிறாள். அந்த ஒரு சொல்தான் அறிக்கையில் ஏறியது. அவள் பொய் சொல்லவில்லை. மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்த அப்பாவும் அவளைப் பயமுறுத்திய அப்பாவும் ஒரே ஆள்தான் என்னும்போது, ஆறு வயதுக் குழந்தை வேறு என்ன பதில் சொல்லும்?

போக்சோ சட்டத்தின் 24 ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். குழந்தையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி வாக்குமூலம் பெற வேண்டும். குழந்தையை விசாரிக்கும்போது, குற்றம் சாட்டப்பட்டவரோடு அதற்கு எந்தக் கட்டத்திலும் தொடர்பு நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு சட்டம் இவ்வளவு கவனமாகக் காக்கும் அதே குழந்தையை, வேறொரு நீதிமன்றத்தின் உத்தரவு சனிக்கிழமை காலையில் அதே ஆளின் வீட்டுக்கு அனுப்பிவைத்தது. அவர் முன்ஜாமீன் பெற்றிருந்தார். புகார் பதிவான பிறகும் சந்திப்பு நிறுத்தப்பட ஏழு வாரங்கள் ஆயின.

‘பயிற்சி கொடுத்திருக்கிறார்’ என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. தாய்தான் குழந்தையின் மனத்தைக் கெடுத்து வைக்கிறாள் என்ற எண்ணத்துக்கு ‘பெற்றோர் அந்நியமாக்கல் நோய்க்குறி’ என்று 1985 இல் பெயர் சூட்டியவர் ரிச்சர்ட் கார்ட்னர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர். நம் உச்ச நீதிமன்றமும் 2017 இல் ஒரு தீர்ப்பில் இதை எடுத்துப் பேசியது. உலக சுகாதார நிறுவனம் 2020 இல் தன் நோய் வகைப்பாட்டின் சொல்லடைவிலிருந்து ‘பெற்றோர் அந்நியமாக்கல்’ என்ற சொல்லை நீக்கிவிட்டது. இத்தகைய கருத்துகளைக் குடும்ப வழக்குகளில் பயன்படுத்துவதைத் தடைசெய்யும்படி ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் ரீம் அல்சலேம் 2023 இல் நாடுகளைக் கேட்டுக்கொண்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கேடன் என்ற ஏழு வயதுச் சிறுமி, நீதிமன்றம் அனுமதித்த சந்திப்பின்போது 2018 இல் தன் தந்தையால் கொல்லப்பட்டாள். 2022 இல் அவள் பெயரில் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. குழந்தை செத்த பிறகுதான் நமக்கும் சட்டம் வர வேண்டுமா?

“பொய்ப் புகார்களே இல்லையா?” என்று கேட்பீர்கள். இருக்கின்றன. அதற்கும் போக்சோ சட்டத்தின் 22 ஆம் பிரிவில் தண்டனை இருக்கிறது. பொய்யைக் கண்டுபிடிக்கவும் முதலில் விசாரிக்கத்தானே வேண்டும்? நல்ல தந்தை ஒருவர் விசாரணை முடியும் வரை வேறொருவர் முன்னிலையில் தன் குழந்தையைப் பார்க்க நேர்வது அவருக்கு அவமானமாக இருக்கும், வலிக்கும். ஆனால் அந்த வலி ஆறும் என்று நான் நம்புகிறேன். தாய் வீட்டிலும் ஆபத்து இருக்கலாமே என்பவர்களுக்கு: ஆம், இருக்கலாம். தாய்மாமனாக இருந்தாலும் தாயின் இரண்டாம் கணவராக இருந்தாலும் அங்கேயும் இதே போல் முதலில் விசாரிக்கட்டும். என்னை ஆண்களை வெறுப்பவள் என்று எழுதியவருக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேன். அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து நின்றவர் எழுபத்திரண்டு வயதான என் அப்பா.

நீதிமன்றத்தை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக எனக்குத் தகுதியில்லை. குழந்தை சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கும் நாங்கள் மகளிர் காவல் நிலையத்துக்குப் போன நாளுக்கும் இடையில் பதினொரு நாள்கள் கடந்துபோயின. “பொம்பளப் பிள்ளை, நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்க வேண்டாமா?” என்று பெரியப்பா கேட்டார். அக்காவிடம் “கொஞ்சம் பொறு” என்று சொன்னவர்களில் நானும் ஒருத்தி. குற்றம் தெரிந்த எவரும் அதைக் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்ற போக்சோ சட்டத்தின் 19 ஆம் பிரிவை நான் பயிற்சி வகுப்பில் என் கையாலேயே எழுதியிருந்தேன். அந்தப் பதினொரு நாள்களுக்குள் ஒரு சந்திப்புச் சனிக்கிழமையும் வந்தது. உத்தரவை மீறினால் நீதிமன்ற அவமதிப்பாகிவிடும் என்று பயந்து, நாங்களே அவளைக் கூட்டிப் போய் விட்டு வந்தோம். ஆட்டோவில் போகும்போது அவள் அழவே இல்லை. அழுதிருந்தால் அவளையும் யாராவது பயிற்சி பெற்றவள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

குடும்ப நல நீதிமன்ற நடவடிக்கைகளை மூடிய அறையில் நடத்தச் சட்டமே வழி செய்திருக்கிறது. வாசலில் நின்று கைப்பேசியில் படம் பிடித்தவருக்கு அது தெரியாமல் இருந்திருக்கலாம். அந்தக் காணொளியைப் பகிர்ந்தவர்கள் இன்றிரவே நீக்கிவிடுங்கள். அந்தப் பிள்ளை திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போக வேண்டும்.