அல்டாப்ராவின் ஆமைகளும் சாகோஸ் மக்களும்

செஷல்ஸ் நாட்டின் தென்மேற்குக் கோடியில் உள்ள அல்டாப்ரா பவளத்தீவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேராமைகள் வாழ்கின்றன. நன்னீர் மிக அரிதாகவும் சுண்ணாம்புப் பாறைகள் கூர்மையாகவும் இருந்ததால் மனிதர்கள் அங்கே பெரிய அளவில் குடியேறவில்லை. இந்தியப் பெருங்கடலின் பிற தீவுகளில் மாலுமிகளுக்கு உணவாகி அழிந்த ஆமைகள் அங்கே மட்டும் பிழைத்துக்கொண்டதற்கும், பறக்கும் திறனை இழந்த ஒரு கானாங்கோழி இன்றும் அங்கே நடமாடுவதற்கும் அதுவே முக்கியக் காரணம். இந்த ஆமைகளைக் காக்குமாறு 1874ஆம் ஆண்டிலேயே டார்வின் உள்ளிட்ட அறிஞர்கள் மொரிஷியஸ் ஆளுநருக்கு எழுதினார்கள்.

1965 நவம்பரில் பிரிட்டன், தன் காலனியான மொரிஷியஸிலிருந்து அதே பெருங்கடலின் நடுவிலுள்ள சாகோஸ் தீவுகளையும், செஷல்ஸிலிருந்து அல்டாப்ரா உள்ளிட்ட சில தீவுகளையும் பிரித்தெடுத்து ஒரு புதிய ஆட்சிப்பகுதியை உருவாக்கியது. அமெரிக்காவுடன் சேர்ந்து ராணுவத் தளம் அமைப்பதே நோக்கம். அல்டாப்ராவில் விமானத்தளம் வரப்போகிறது என்று தெரிந்ததும் ராயல் சொசைட்டி முதலான அறிவியல் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. 1967 நவம்பரில் பவுண்டின் மதிப்பு குறைக்கப்பட்டதை ஒட்டி அத்திட்டம் கைவிடப்பட்டது. எதிர்ப்பைவிடப் பணமுடைதான் பெரிய காரணம் என்று வாதிடலாம். ஆனாலும் ஆமைகளுக்காகப் பேச ஆள் இருந்தது என்பதை மறுக்க முடியாது.

சாகோஸின் மிகப்பெரிய தீவான டியேகோ கார்சியாவில் வாழ்ந்த மனிதர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் தென்னந்தோப்புகளுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த அம்மக்கள் தலைமுறைகளாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஆனால் கடற்பறவைகளைத் தவிர அங்கே பூர்வகுடிகள் எவரும் இருக்கமாட்டார்கள் என்று 1966இல் பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் மூத்த அதிகாரி ஒருவர் எள்ளலோடு குறிப்பெழுதினார். ராணுவத் தளத்துக்காக 1968 முதல் 1973 வரையிலான ஆண்டுகளில் சாகோஸ் தீவுகள் அனைத்திலுமிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக்கூட நச்சுப்புகை செலுத்திக் கொன்றார்கள்.

இதைவிட எனக்குக் கசப்பாக இருப்பது 2010இல் நடந்தது. சாகோஸைச் சுற்றிய கடலைப் பிரிட்டன் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்து, வணிக மீன்பிடிப்பைத் தடைசெய்தது. அங்குள்ள பவளப்பாறைகளும் தென்னை நண்டுகளும் கடற்பறவைகளும் பாதுகாப்புக்கு உரியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ராணுவத் தளம் இயங்கும் டியேகோ கார்சியாவும் அதையொட்டிய கடலும் அந்தப் பாதுகாப்பிலிருந்து விலக்கப்பட்டன! மீன்பிடித்துப் பிழைக்கக்கூடிய மக்கள் திரும்பி வருவதைத் தடுக்க இது உதவும் என்று அதிகாரிகள் பேசிக்கொண்டதை, பின்னர் வெளியான அமெரிக்கத் தூதரக ஆவணம் ஒன்று காட்டியது. இயற்கைப் பாதுகாப்பில் அக்கறை உள்ளவர்களே இந்த ஏற்பாட்டை முதலில் எதிர்த்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏனெனில் விமானத்தளத்தைச் சகித்துக்கொள்ளும் ஒரு பாதுகாப்புத் திட்டம், தூண்டில் போட்டு மீன்பிடிக்கும் குடும்பத்தை மட்டும் ஆபத்தாகக் கருதுவதற்கு அறிவியலில் இடமில்லை.

2015இல் நடுவர் தீர்ப்பாயம் அந்த அறிவிப்பு கடற்சட்டத்துக்கு முரணானது என்றது. 2019இல் சர்வதேச நீதிமன்றம், தீவுகளின் மீதான நிர்வாகத்தைப் பிரிட்டன் முடித்துக்கொள்ள வேண்டும் என்று கருத்துரைத்தது. 2025 மே மாதம் கையெழுத்தான பிரிட்டன்–மொரிஷியஸ் ஒப்பந்தம் மற்றத் தீவுகளில் மக்களைக் குடியமர்த்த மொரிஷியஸுக்கு இடமளிக்கிறது. டியேகோ கார்சியாவில் மட்டும் அந்த அனுமதி இல்லை.