ஜோடி என்று விற்கிற ஆமைக்குட்டிகள்

ஆறு வருடத்துக்கு முன்னால் கோயமுத்தூரில் ஒரு கடையில் இரண்டு சல்காட்டா ஆமைக்குட்டிகள் வாங்கினேன், ஆப்பிரிக்காவின் பெரிய தரை ஆமை இனம் அது. உள்ளங்கைக்குள் அடங்கும் சைஸ். கடைக்காரர் ஒன்றைத் திருப்பிப் போட்டு வாலை விரலால் ஒதுக்கிக் காட்டி, "இது ஆணுங்க, அது பொண்ணுங்க, ஜோடியாவே எடுத்துக்கங்க" என்றார். ஜோடி என்பதற்காகத் தனியாக ஆயிரம் ரூபாய். கொடுத்துவிட்டு வந்தேன். மகள் ராஜா, ராணி என்று பேர் வைத்தாள். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று அமுச்சி ஒரு வாரம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. அமீனா வரவில்லை, அந்த ஆயிரம்தான் போனது.

நேராகவே சொல்லிவிடுகிறேன். அந்த வயதில் ஆமை ஆணா பெண்ணா என்று வெளியிலிருந்து பார்த்து எவராலும் சொல்ல முடியாது. சொல்கிறவர் ஒன்று ஏமாந்தவராக இருக்க வேண்டும், இல்லை ஏமாற்றுகிறவராக இருக்க வேண்டும். நம் ஊரில் இதை நம்பிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. நாமக்கல் பக்கம் ஒரு நாள் கோழிக்குஞ்சையே இறகைப் பிரித்துப் பார்த்து சேவலா பொட்டையா என்று சொல்லிவிடுகிறார்கள், கன்னுக்குட்டி விழுந்ததுமே தெரிந்துவிடுகிறது, அப்புறம் ஆமைக்கு மட்டும் என்ன என்று நினைக்கிறோம். ஆமை கோழி மாதிரி இல்லை, பனை மாதிரி. தோட்டத்து வேலியோரம் நட்ட பனை பாளை விடும்வரை ஆணா பெண்ணா என்று அப்பிச்சிக்கே தெரியாது.

சல்காட்டாவுக்கு ஓடு ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் வளர்ந்தால்தான் ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். ஆணுக்கு வால் நீளமாக, அடியில் தடிமனாக இருக்கும், எச்சத் துவாரம் வால் நுனிப் பக்கம் தள்ளி இருக்கும். வயிற்றுப் பக்க ஓடு குழிந்திருக்கும், பெண்ணுக்குத் தட்டை. குட்டியில் எல்லாமே தட்டை, எல்லா வாலும் குட்டை. தொட்டியில் வளர்க்கிற செங்காது ஸ்லைடருக்கு இன்னொரு அடையாளம் உண்டு, ஆணுக்கு முன்னங்கால் நகம் நீளும், அதுவும் சில வருடம் போன பிறகுதான். ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது, முட்டுகிறது என்பதை வைத்தும் முடிவு கட்டாதீர்கள், குட்டிகள் எதுவானாலும் அதைச் செய்யும். மயக்க மருந்து கொடுத்து உள்ளே கேமரா விட்டுப் பார்க்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். வெறும் ஆசைக்காக ஒரு குட்டியை அந்தப் பாடு படுத்த வேண்டுமா?

இன்னொரு கூத்து, பல்பு போட்டுச் சூடாக வைத்தால் பெண்ணாகிவிடும் என்று ஒருவர் எனக்கு ஆலோசனை சொன்னார். பாதி உண்மையைக் கேட்டு வந்த பேச்சு. இந்த ஆமைகளுக்கு ஆண் பெண் என்பதை முட்டை அடையில் இருக்கும்போது படுகிற சூடுதான் தீர்மானிக்கிறது. பொதுவாக 28 டிகிரியை ஒட்டி இருந்தால் ஆண் அதிகம், 32 தாண்டினால் பெண் அதிகம். பொரித்து வெளியே வந்த பிறகு எந்த பல்பும் அதை மாற்றாது.

சரி, நடுவில் ஒன்று. நட்சத்திர ஆமையை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் பக்கத்திலேயே போகாதீர்கள், அதை வீட்டில் வைப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சல்காட்டா போன்ற வெளிநாட்டு இனங்களையும் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

எங்கள் சாளையில் இப்போது நிலவரம் என்னவென்றால், ராணிக்கு வால் தடித்துவிட்டது, கழுத்துக்குக் கீழே இருக்கிற ஓடு மண்வெட்டி மாதிரி முன்னால் நீண்டுவிட்டது, வயிற்றுப் பக்கம் கை வைத்தால் தட்டு மாதிரிக் குழி. போன மாதம் ராஜாவைக் கிடாய் மாதிரி முட்டி மல்லாத்திப் போட்டான், இப்போது நடுவில் ஹாலோ பிளாக் சுவர். ராஜா சைஸில் சின்னது, அதற்கு இன்னும் இரண்டு வருடம் கழித்து வாங்க என்று டாக்டர் அனுப்பிவிட்டார். பேரை மாற்றலாம் என்றால் மகள் ஒத்துக்கொள்ளவில்லை. தினமும் காலையில் அகத்திக் கீரையைக் கையில் வைத்துக்கொண்டு, "ராணி, வாடா" என்றுதான் கூப்பிடுகிறாள்.